எங்கள் ஊரில் யார், எதுவரை படித்திருக்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியை இரண்டு முறை படித்தேன். சாதி விவரம் கேட்கப்படுவது, கைபேசிச் செயலியில் பதிவு செய்வது, 2027 மார்ச் 1 கணக்கு நாளாக அமைவது எல்லாம் விளக்கமாக இருந்தன. படிப்பைப் பற்றிய கேள்வி குறித்து மட்டும் ஒரு வரியும் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாக இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

நான் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து 2018-இல் ஓய்வு பெற்றவள். 1991, 2001 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகளிலும் வீடு வீடாகப் போய் எழுதியிருக்கிறேன். 2011-இல் மேற்பார்வையாளராக இருந்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தக் கேட்டு மனு கொண்டு போனோம். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, இரண்டு பெற்றோர், நான். மனுவை வாங்கிய அதிகாரி மரியாதையாகவே பேசினார். உட்காரச் சொன்னார். படித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் ஊரில் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் எத்தனை பேர்? அதில் பெண்கள் எத்தனை பேர்?"

எங்களிடம் பதில் இல்லை. "நிறையப் பேர் இருக்கிறார்கள் சார்" என்றார் தலைவி. நிறைய என்பதை எந்தப் படிவத்தில் எழுதுவது? மனுவை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினோம். பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

மூன்று கணக்கெடுப்புகளில் இந்தக் கேள்விக்கான பதிலை நானே எழுதியும் மேற்பார்த்தும் அனுப்பியிருக்கிறேனே என்று அன்று இரவு முழுவதும் மனம் அரித்தது. என்னிடம் படித்த மாணவன் ஒருவன், இப்போது கணினி மையம் வைத்திருப்பவன், 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டை இறக்கித் திரையில் காட்டினான். எங்கள் ஊர் இருந்தது. எத்தனை வீடுகள், எத்தனை பேர், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை, எழுத்தறிவு பெற்ற ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, வேலை செய்வோர் எத்தனை என்றெல்லாம் இருந்தது. எதுவரை படித்தார்கள் என்பது மட்டும் இல்லை. அந்த விவரத்தைத் தேடினால் மாவட்ட அளவிலான அட்டவணையில் வருகிறது. தொடக்கக் கல்விக்கும் குறைவு, தொடக்கக் கல்வி, நடுநிலை, பத்தாம் வகுப்பு, மேல்நிலை, பட்டயம், பட்டம் என்று வயது வாரியாக, ஆண் பெண் வாரியாக, அழகாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். மாவட்டத்துக்கு.

கேள்வி கேட்கப்பட்டது எங்கள் ஊர்த் திண்ணைகளில். பதில் சொன்னவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். எழுதியவள் நான். அந்தப் பதில் புதுக்கோட்டைக்குப் போனது, சென்னைக்குப் போனது, டெல்லிக்குப் போனது. புறப்பட்ட ஊருக்கு மட்டும் திரும்பி வரவில்லை.

ஆகவே நாங்களே எண்ணினோம். நானும் அந்தத் தலைவியும் ஒரு இருநூறு பக்க நோட்டை வாங்கிக்கொண்டு, சித்திரை வெயில் தணிந்த மாலைகளில் தெருத் தெருவாக நடந்தோம். மொத்தக் கணக்கை இங்கே எழுதப் போவதில்லை. அது ஊராட்சிக்குச் சேர வேண்டியது. நடந்தபோது கண்டதைச் சொல்கிறேன்.

பிள்ளையார் கோயிலை ஒட்டிய முதல் வீட்டில் எண்பதைத் தாண்டிய ஐயா ஒருவர் இருக்கிறார். அந்தக் காலத்து ஈ.எஸ்.எல்.சி., அதாவது எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு, தேறியவர். கட்டமிட்ட படிவத்தில் இவர் "நடுநிலை" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுவார். ஊரில் பாதிப்பேரின் பட்டா மாறுதல் மனு இவர் கையெழுத்தில்தான் போயிருக்கிறது. ஐயாவின் பேத்தி செவிலியர் பட்டப்படிப்பு முடித்துச் சென்னையில் வேலை செய்கிறாள். இருவருக்கும் நடுவே இருக்கிற மருமகள், அந்தப் பேத்தியின் தாய், எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு எழுதிய கையோடு செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டும் பட்டறைக்கு அனுப்பப்பட்டவர். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் அந்தச் சக்கரம் சுற்றாத தெரு குறைவு. என் வகுப்பிலிருந்தே எத்தனை பெண் பிள்ளைகளை அது இழுத்துக்கொண்டது என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. "எட்டாவது பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டேன். "ரிசல்ட்டே பார்க்கவில்லை டீச்சர்" என்றார்.

மூன்றாவது வீட்டில் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து எல்லோருக்கும் பதில் சொன்னார். மகன் பாலிடெக்னிக். பேரன் ஆறாவது. மருமகளைக் கேட்டதும், "அவள் என்ன, பத்தாவதோ என்னவோ" என்றார். உள்ளே இருந்து அந்தப் பெண் வந்து, "பி.ஏ. தமிழ், டீச்சர். அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்ப் படித்தேன்" என்றாள். சான்றிதழ் பிறந்த வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்தத் தெருவில் அவள் பட்டதாரி என்று அறிந்தவர் ஒருவரும் இல்லை. நான்கு வீடு தள்ளி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ் இலக்கணத்துக்கு ஆள் தேடிப் பக்கத்து ஊருக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை. கணக்கெடுப்பின் மிகப் பெரிய பிழை இங்கேதான் பிறக்கிறது. குடும்பத் தலைவர் சொல்கிறார், எழுதுபவர் எழுதுகிறார். கழனியில் இருக்கிற பெண்ணுக்கும், அடுப்படியில் இருக்கிற பெண்ணுக்கும், வேலைக்குப் போன பெண்ணுக்கும் திண்ணையில் இருப்பவர் பதில் சொல்கிறார். 1991-இலும் 2001-இலும் நானும் அப்படி எழுதியிருக்கிறேன். ஒரு நாளைக்கு முடிக்க வேண்டிய வீடுகள் இத்தனை என்று கையில் பட்டியல் இருக்கும். பிப்ரவரி 9 முதல் 28 வரைதான் காலம். "உள்ளே இருப்பவரைக் கூப்பிடுங்கள்" என்று சொல்ல நேரமிருக்காது. அவசரத்தில் எத்தனை பேருடைய படிப்பைக் குறைத்து எழுதினேன், எத்தனை பேருடையதைக் கூட்டி எழுதினேன் என்று இப்போது தெரிந்துகொள்ள வழியில்லை.

கூட்டி எழுதச் சொல்வதும் உண்டு. 2011-இல் ஒரு தகப்பனார் தம் மகனை "இன்ஜினியர்" என்றார். நான்கு ஆண்டு படித்து முடித்தவன்தான், ஆனால் இரண்டு தாளில் அரியர் நின்றிருந்தது. விதி என்னவென்றால், முடித்துத் தேறிய படிப்பைத்தான் எழுத வேண்டும். படித்த ஆண்டுகளை அல்ல. எனவே அவன் மேல்நிலை. அதை விளக்கியபோது அந்த மனிதரின் முகம் வாடியதை மறக்க முடியவில்லை. நிலத்தை அடமானம் வைத்துக் கட்டணம் கட்டியவர். பையன் மறு ஆண்டே அரியரை முடித்துவிட்டான். ஆனால் அரசாங்கத்தின் ஏட்டில் 2011 முதல் 2027 கணக்கெடுப்பு வரை, பதினாறு ஆண்டுகள், அவன் பிளஸ் டூவாகவே நிற்கிறான்.

பதினாறு ஆண்டு என்பது சிறிய இடைவெளி அன்று. எழுத்தறிவுக் கணக்கில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள்தான் வருவார்கள். 2011-இல் ஆறு வயதாக இருந்து அந்தக் கணக்குக்கே வராத பிள்ளைக்கு இன்று பட்டப்படிப்பு முடிந்திருக்கும். இந்தக் காலத்தில்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் கல்லூரிக்குப் போகத் தொடங்கினார்கள். அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்கிப் படிக்கிற பெண்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். காலை ஏழு மணி பஸ்ஸில் அவர்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அவர்களில் ஒருத்தி கூட எந்த ஊர்க் கணக்கிலும் இல்லை.

என் தாயாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

அம்மா பள்ளிக்குப் போனதே இல்லை. தம்பிகள் உரக்கப் படிப்பதைக் கேட்டுக்கேட்டு எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகினார். செய்தித்தாள் தலைப்பை வாசிப்பார், பஸ்ஸின் பலகையை வாசிப்பார், ரேஷன் அட்டையில் பிழை கண்டுபிடிப்பார். எழுத வராது. பேனாவை யாரும் கையில் கொடுத்ததில்லை. 1991 பிப்ரவரியில் எங்கள் வீட்டுச் சீட்டையும் நானே நிரப்பினேன். கணக்கெடுப்பு விதிப்படி, ஏதேனும் ஒரு மொழியில் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரே எழுத்தறிவு பெற்றவர். படிக்க மட்டும் தெரிந்தவர் எழுத்தறிவு பெற்றவர் ஆகார். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவரும் ஆகார். நான் ஆசிரியை, விதியை மீறக் கூடாது. என் தாயாரை எழுத்தறிவற்றவர் என்று என் கையால் எழுதினேன்.

"என்ன எழுதினாய்?" என்று அம்மா கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டை வாங்கி, அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஆண்டில்தான் எங்கள் மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் பெண்களை சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னதும், கல் உடைக்கும் பெண்களும் களை எடுக்கும் பெண்களும் பாவாடை தாவணியோடும் சேலையோடும் சைக்கிளில் ஏறியதும் நாடறிந்த செய்தி. எங்கள் தெருவில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் அரிக்கேன் விளக்கு வைத்துப் பாடம் நடத்தினேன். முதல் பாடத்தின் சொல்லே "பட்டா". அணில் ஆடு என்று பெரியவர்களுக்குத் தொடங்காமல், அவர்கள் வாழ்நாள் முழுவதும் அலைகிற சொல்லில் தொடங்கிய அந்த யோசனையை இன்றும் வியக்கிறேன். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தார். தை மாதத்துக்குள் தம்பிக்குத் தபால் அட்டை எழுதினார். 2001-இல் அவரை எழுத்தறிவு பெற்றவர் என்று பதிந்தேன். "படிப்புக்கு என்ன போட்டாய்?" என்றார். அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது: எழுத்தறிவு உண்டு, கல்வி நிலை இல்லை. "அது போதும்" என்றார்.

1992-இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 2001 கணக்கெடுப்பில் எங்கள் மாவட்ட எழுத்தறிவு 71 விழுக்காடு. 2011-இல் 77, பெண்களில் 69. அதே ஆண்டில் மாநிலச் சராசரி 80. அப்படியானால் அறிவொளி வெறும் அறிவிப்புதானா என்று என்னிடம் நேராகவே கேட்டவர்கள் உண்டு. இல்லை. இயக்கம் குறிப்பிட்ட வயது வரம்பில் இருந்தவர்களை மனத்தில் வைத்து நடந்தது. கணக்கெடுப்போ ஏழு வயது முதல் தள்ளாத வயது வரை எல்லோரையும் எண்ணுகிறது. இது ஒரு காரணம். இதைவிட வேதனையான காரணம் இன்னொன்று. கற்றவர்கள் மறந்துவிட்டார்கள். விளக்கை ஏற்றியவர்கள் எண்ணெய் ஊற்ற வரவில்லை. வகுப்பு முடிந்தபின் படிக்க ஊரில் ஒரு துண்டுப் பிரசுரம் கூடக் கிடைக்கவில்லை. எழுத்து என்பது நீச்சலைப் போல ஒரு முறை வந்தால் போகாதது என்று சிலர் நினைக்கிறார்கள். நாற்பது வயதில் கற்ற எழுத்து அப்படி அன்று. பயன்படுத்தாவிட்டால் துருப்பிடிக்கிறது.

சென்ற ஆண்டு நடந்தபோது என் பழைய வகுப்பில் இருந்த ஓர் ஆத்தாவின் வீட்டுக்குப் போனேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். 1992-இல் வங்கிப் படிவத்தில் முதல் முறையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர். இப்போது நோட்டை நீட்டி, "பெயரை எழுதுங்கள் ஆத்தா" என்றேன். பேனாவைப் பிடித்தார். முதல் எழுத்து வந்தது. இரண்டாவது எழுத்தில் கை நின்றுவிட்டது. "எங்கே டீச்சர் எழுதச் சொல்கிறார்கள்? ரேஷன் கடையில் விரலை வை என்கிறார்கள். பேங்க் மெஷினிலும் விரல்தான். நூறு நாள் வேலையில் போட்டோ எடுக்கிறார்கள்" என்றார். கைநாட்டை ஒழிக்க ஓராண்டு இரவுகளைக் கொடுத்தோம். விரல்ரேகை இயந்திரம் வசதியானது, போலிகளைத் தடுக்கிறது; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடத் தெரிந்த எங்கள் பெண்களின் விரல் மீண்டும் மைப்பெட்டியைத் தேடிப் போன விரலாகிவிட்டது. நோட்டில் அந்த ஆத்தாவுக்கு நேரே எழுத்தறிவு பெற்றவர் என்று எழுதுவதா, அற்றவர் என்று எழுதுவதா? அரை நாழிகை உட்கார்ந்திருந்தேன். "கற்றார், மறந்தார்" என்று எழுதினேன். அப்படி ஒரு கட்டம் அரசுப் படிவத்தில் கிடையாது.

கிரஷர் ஒன்றில் வேலை செய்யும் ஒடிசா இளைஞர்கள் சிலர் கடைசித் தெருவில் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிறார்கள். "அவர்கள் படிக்காதவர்கள்" என்றார் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்பவர். எந்த மொழியில் படித்திருந்தாலும் அது எழுத்தறிவுதான் என்பதால் நோட்டை அவர்களிடமே கொடுத்தேன். ஒரு பையன் வட்ட வட்டமான ஒடியா எழுத்தில் நான்கு வரி எழுதினான். பத்தாம் வகுப்பு தேறியவன் என்று சைகையும் கொச்சைத் தமிழுமாகச் சொன்னான். எங்கள் ஊர் நோட்டில் எனக்குப் படிக்கத் தெரியாத பக்கம் அது ஒன்றுதான்.

இனி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

கணக்கெடுக்கப் போகும் ஆசிரியர்களுக்கு முதல் வேண்டுகோள். படிப்பு பற்றிய கேள்வியை அந்தந்த ஆளிடமே கேளுங்கள். வீட்டிலிருக்கும் பெண்ணை வாசலுக்கு அழைக்க ஒரு நிமிடம் ஆகும். "பத்தாவதோ என்னவோ" என்பதை எழுதிக்கொள்ளாதீர்கள். இம்முறை குடும்பத்தார் தாமே இணையத்தில் விவரம் பதியலாம் என்கிறார்கள். அப்படியானால் கைபேசி யார் கையில் இருக்கிறதோ அவருடைய நினைவுதான் வீட்டு உறுப்பினர் எல்லோருடைய படிப்பும் ஆகிவிடும். தம்பிகளே, தங்கைகளே, நீங்கள் பதியும்போது உங்கள் அம்மாவிடமும் அப்பத்தாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

அடுத்தது அரசுக்கு. கல்வி நிலை அட்டவணையை மாவட்டத்தோடு நிறுத்தாமல் ஒவ்வொரு ஊராட்சிக்கும் கொடுங்கள். தனி மனிதர் பெயரோ அடையாளமோ யாருக்கும் வேண்டாம். அது இரகசியம், இரகசியமாகவே இருக்க வேண்டும். எத்தனை பேர் ஐந்தோடு நின்றார்கள், எத்தனை பேர் எட்டோடு, பத்தோடு, எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், அதில் பெண்கள் எத்தனை என்ற எண்கள் மட்டும் போதும். இம்முறை எல்லாம் கணினியிலேயே ஏறுகிறது. ஊர் வாரியாகப் பிரிப்பது பெரிய வேலையாக இராது. அதைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். கிராம சபையில் வரவு செலவு வாசிக்கிறார்கள். தெருவிளக்குக் கணக்கு வாசிக்கிறார்கள். ஊரின் படிப்புக் கணக்கை நான் ஒரு முறையும் கேட்டதில்லை.

அந்த எண் இருந்தால் எந்தத் தெருவில் மாலை வகுப்பு வேண்டும், எந்த ஊருக்குப் பகுதிநேர நூலகம் வேண்டும், எந்த ஊர்ப் பிள்ளைகள் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போகப் பஸ் வேண்டும் என்று ஊரே பேசும். பட்டதாரி மருமகள் இருக்கிற தெருவில் டியூஷனுக்கு வெளியூர் போகும் நிலை இராது. இதே புதுக்கோட்டையில், சமஸ்தானக் காலத்தில், ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் ஒரே ஒரு பெண்ணுக்கு இடம் கொடுக்கலாமா என்று ஊரே வாதாடியது. மன்னர் அனுமதித்தார். அந்தப் பெண்தான் பின்னாளில் டாக்டரான முத்துலட்சுமி ரெட்டி. அன்று ஒருத்தி என்பதால் எல்லோருக்கும் கணக்குத் தெரிந்திருந்தது. இன்று எத்தனை பேர் என்று என் ஊருக்கே தெரியவில்லை.

எங்கள் நோட்டு முடிந்துவிட்டது. கடைசித் தெருவின் கூட்டல் மட்டும் மீதி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி இரண்டு படி எடுத்து வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு நின்ற பெண்களின் எண்ணிக்கையைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருக்கிறோம். அடுத்த கிராம சபையில் வாசித்துவிட்டு, தீர்மானத்தோடு அதே அலுவலகத்துக்கு அதே மனுவை எடுத்துக்கொண்டு போகப் போகிறோம். அந்த ஆத்தாவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மனுவில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வாரம் இரண்டு மாலை என் வீட்டுத் திண்ணைக்கு வந்து பெயரை எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார். இப்போது மூன்றாவது எழுத்து வரை வந்திருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை,
ஆலங்குடி வட்டம்,
புதுக்கோட்டை மாவட்டம்.